சுவரைப் பார்த்து நிற்பவள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. சிலவற்றைக் குறைத்திருக்கிறேன், அவற்றை எழுதக் கை வரவில்லை.

நான் ஒரு நவீன ஓவிய அருங்காட்சியகத்தின் இயக்குநர். வெறும் நீலச் சாயம் பூசிய துணியைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் ஆட்களைக் கால் மணி நேரம் நிற்க வைத்து, போகும்போது கண் கலங்க அனுப்புவது என் தொழில். ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்ப வைக்கிற சாமர்த்தியம் எனக்கு நிறையவே உண்டு. அதை இங்கே காட்டப் போவதில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கணவரே நம்பவில்லை, உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. நேராகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுக்குப் போவார்கள். தலைப்பைப் படிப்பார்கள், வரைந்தவர் யார் என்று படிப்பார்கள், படத்தை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். "இதை என் பையன் இடது கையாலேயே வரைவான்" என்பார்கள் சிலர். கூட்டிக்கொண்டு வாருங்கள், சுவர் நிறையக் காலியாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் போன வருடம் அந்தக் கண்காட்சியை வைத்தேன். சுவரில் ஒரு சீட்டும் கிடையாது. தலைப்பு, பெயர், விளக்கம் எதுவும் கிடையாது. ஐந்து அறைகள். படங்கள், இரும்பில் செய்த சில உருவங்கள், நடுநடுவே உயிருள்ள மனிதர்கள். ஆமாம், மனிதர்களும் எங்கள் கலையில் உண்டு. ஒருவர் நாள் முழுக்க ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஓர் இளம்பெண் மலைபோல் குவித்த பழைய துணிகளை மடித்துக்கொண்டே இருப்பாள். மடித்து முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடி மடிப்பாள். யார் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். இருவரும் ஒரு நாடகக் குழுவிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள்.

காவலர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் எடுத்தேன். யாராவது "இது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றாம் அறைக் காவலரை நாங்கள் மீசைக்காரர் என்போம். அவர் இந்தப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டில் மனைவி "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டதற்கும் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

எனக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பார்வையாளர் இருக்கும் நேரத்தில் நான் அறைகளுக்குள் போவதில்லை. இயக்குநர் தலை தெரிந்தால் போதும், பார்ப்பதை விட்டுவிட்டு அர்த்தம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் திறப்பதற்கு முன் தனியாக ஒரு சுற்று. மாலையில் வெளியேறும் வாசலில் நின்று, போகிறவர்களிடம் ஒரே கேள்வி. எது மனதில் நிற்கிறது?

இரண்டாவது வாரத்தில் ஓர் அம்மா சொன்னார், "மூணாவது ரூம் மூலைல சுவத்தப் பாத்து நிக்கிறாங்களே, அவங்கதான்."

சமையலறையில் தானும் அப்படித்தான் சில நேரம் நிற்பதாகச் சொன்னார். அடுப்பை அணைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல், சுவரைப் பார்த்தபடி. சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

சுவரைப் பார்த்து நிற்பவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கண்காட்சியின் பொறுப்பாளர் ஏற்பாடாக இருக்கும் என்று நினைத்தேன். அவரைத் தாடி என்று கூப்பிடுவோம். மனிதர் திடீர் திடீரென்று எதையாவது சேர்ப்பார், எடுப்பார். அன்று மாலை மாடிப்படியில் எதிரே வந்தவரிடம், அந்தச் சுவர் விஷயம் அருமை என்றேன். அவரும் தலையாட்டி, ஆமாம், நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. நான் ஏற்பாடு செய்தவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏற்பாடு செய்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் யாருக்கும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. ஒரு மூலையில் துடைப்பம் சாய்ந்து கிடந்தால்கூட, அது துடைப்பமா கலையா என்று கேட்க எங்களுக்குக் கூச்சம்.

அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒருவர் அவளைப் பற்றிச் சொன்னார்கள். குழாய் சரிசெய்ய வந்த பிளம்பர், வேலை முடிந்தும் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். என்ன தோன்றியது என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி போனார். கிண்டல் செய்ய வந்த கல்லூரிப் பையன்கள்கூட அந்த அறையிலிருந்து சத்தம் இல்லாமல் வெளியே வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தியது வீண்போகவில்லை, ஜனங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அவர்கள் சொல்வது மெதுவாக மாறிக்கொண்டே வந்தது.

முதலில், சும்மா நிற்கிறாள் என்றார்கள். பிறகு, இடது கை உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகியிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு தாத்தா தன் கையை நீட்டியே காட்டினார். உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி, விரல்கள் லேசாக விரிந்து... சாலையைக் கடக்கும்போது பின்னால் வருகிற குழந்தைக்குக் கை நீட்டுவோமே, அப்படி.

தாடி வாரத்துக்கு வாரம் செதுக்குகிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஆறு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். பெயர் பொருத்தம் அப்படி. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் கால் மேசைக்கடியில் தாளம் போடும். தூங்கும்போதுகூடக் கட்டிலைச் சுற்றி வருவாள். வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பெண் நல்ல பெண்தான், ஆனால்... என்று இழுப்பார். பள்ளி விட்டதும் வண்டி அவளை அருங்காட்சியகத்தில் இறக்கிவிடும். நான் கிளம்பும்வரை அறை அறையாகச் சுற்றுவாள். காவலர்கள் எல்லோருக்கும் அவள் செல்லம்.

ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். வாலு அங்கே நின்றுகொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சுவரைப் பார்த்து. கை இரண்டும் தொங்கவிட்டபடி.

என்னடி இது என்றேன்.

"ஷ்ஷ். பிராக்டிஸ் பண்றேன்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். மூன்றாவது அறை ஆன்ட்டி என்றாள். அசையாமல் நின்றால் ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொள்வாராம். முதலில் அசைகிறவர்கள் அவுட்டாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த நடிகை செய்துவிட்டாளே, அவளுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாலுவைத் தூக்கிப் படுக்க வைத்தபோதுதான் கையைத் தொட்டேன். வலது கை மட்டும் சில்லென்று இருந்தது. ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்தது போல.

மறுநாள் டாக்ஸியில் வீடு திரும்பும்போதும் அதே கை சில்லென்று இருந்தது. என் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன். வீடு வருவதற்குள் சூடாகிவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

மீசைக்காரரிடம் ஒரு தடவை, பாப்பா உங்கள் அறையில் தொந்தரவு செய்கிறாளா என்று கேட்டேன். இல்லவே இல்லை, சமத்தாக அந்த அம்மா பக்கத்தில் நிற்கிறது என்றார். அந்த அம்மா ரொம்பப் பாவம் என்றும் சொன்னார். எங்கள் அறை விளக்குகள் யாராவது நடமாடினால்தான் எரியும். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் தானாக அணைந்துவிடும். கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் இருட்டிலேயே நிற்பாளாம். இவர்தான் வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கை வரவழைப்பாராம்.

"மூச்சு விட்டாக்கூட அது எரியும் மேடம். அந்தம்மா அந்த அளவுக்கு அசைய மாட்டாங்க," என்றார் பெருமையாக.

அதையும் கேட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அந்த நாள் காலையிலிருந்தே மழை. கூட்டம் இல்லை. மாலை ஆறரைக்கு மூடுவோம். ஆறு இருபதுக்கு நான் வெளியேறும் வாசலில் நின்றிருந்தேன். வானம் முழுக்க இருட்டிவிட்டது. தாடி குடையோடு வந்தார். கண்காட்சி அடுத்த மாதம் வேறொரு ஊருக்குப் போவதாக இருந்தது. அங்கே இயக்குநராக இருப்பவள் என்னோடு கல்லூரியில் படித்தவள்.

"உங்க சுவர்க்காரம்மா அந்த ஊருக்கு வர்றாங்களா? டிக்கெட் போடணும்," என்றார்.

என் ஆளா? உங்கள் ஆள்தானே, என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் ரெண்டு பேரைத்தான் கூட்டிட்டு வந்தேன்."

அந்த இரண்டு பேரும் அப்போதுதான் உடை மாற்றிக்கொண்டு பையோடு இறங்கி வந்தார்கள். வாளிக்காரரும் துணி மடிக்கிற பெண்ணும். மூன்றாவது அறையில் நிற்பது யார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்தான் சொன்னாள். "அவங்க எங்ககூட டிரஸ் மாத்த வந்ததே இல்ல மேடம். நாங்க வரும்போதே நிப்பாங்க. போகும்போதும் நிப்பாங்க. அவ்வளவு சின்சியர்னு நெனச்சோம்."

தினமும் காலையில் நான் ஒரு சுற்று வருகிறேன். மூன்றாவது அறையின் அந்த மூலை காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள்கூட அங்கே நான் யாரையும் பார்த்ததில்லை.

"வாலு எங்கே?" என்றேன்.

தாடி உள்ளே திரும்பிப் பார்த்தார்.

ஓடினேன். செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். நான் நுழைய நுழைய விளக்குகள் எரிந்தன. முதல் அறை... டிக். இரண்டாவது அறை... டிக். நான் ஓடிய அதிர்வில் வாளித் தண்ணீர் ஆடியது.

மூன்றாவது அறை இருட்டாக இருந்தது.

வாசலில் மீசைக்காரர் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பெரிதாக, இரண்டு கையையும்.

"லைட்டு வரமாட்டேங்குது மேடம். பாப்பா உள்ளதான் இருக்கு. ரெண்டு பேரும் நிக்கிறாங்க."

உள்ளே போனேன். எரியவில்லை. பின்னால் இரண்டாவது அறையின் வெளிச்சம் தரையில் கொஞ்ச தூரம் வந்து நின்றது. அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது வெள்ளை சாக்ஸ். பிறகு பள்ளிச் சீருடை. பிறகு பின்னல்.

மூலையில், சுவரைப் பார்த்து, என் மகள்.

வலது கை பக்கவாட்டில் உயர்ந்திருந்தது. பெரியவர்கள் பிடித்திருக்கும்போது குழந்தைகளின் கை இருக்குமே, அந்த உயரத்தில்.

அந்தக் கைக்கு அப்பால் எதுவும் இல்லை.

எனக்கு எதுவும் தெரியவில்லை.

கூப்பிட்டேன். திரும்பவில்லை.

தோளைத் தொட்டேன். மரக்கட்டை. வாலுவின் உடம்பு ஒரு நொடிகூட அப்படி இருந்ததில்லை. உயர்ந்திருந்த கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்... இறங்கவில்லை. அவள் விரல்கள் வளைந்திருந்தன. அந்த விரல்களுக்குள் என் விரலை நுழைக்கப் பார்த்தேன்.

இடம் இல்லை.

கண்ணுக்கு வெற்றிடம்தான். விரலுக்கு இடமில்லை. அவ்வளவு குளிர்ச்சி.

சர்ர்ர்...

வழவழப்பான தரையில் வெறுங்கால் திரும்புகிற சத்தம். என் முகத்துக்கு ஒரு கை தூரத்தில்.

வாசலில் இருந்து மீசைக்காரர் மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"மேடம்... அவங்க திரும்புறாங்க."

கண்ணை மூடிக்கொண்டேன்.

இழுத்தேன்.

இழுத்தேன்.

சர்ர்...

நெட்டி முறிவது போல ஒரு சத்தம். டக்.

மகளோடு பின்னால் விழுந்தேன். அப்போது விளக்கு வந்தது.

மூலை காலி. வெள்ளைச் சுவர். என் மடியில் அவள். கண் திறந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. பக்கத்து வீட்டு விருந்தாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

மீசைக்காரர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். தாடி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிளாஸ் அவர் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கிளாஸைத் தரையில் வைத்தார்.

"நல்ல முகந்தான் மேடம். சிரிச்சாங்க," என்றார் கடைசியாக.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கண்காட்சியை அன்றோடு மூடினேன். கூரை ஒழுகுகிறது என்று வெளியே சொன்னோம். படங்களையும் இரும்பு உருவங்களையும் பெட்டிகளில் போட்டு அந்த ஊருக்கு அனுப்பினோம். மனிதர்கள் யாரும் போகவில்லை. அங்கே மனிதர்கள் வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்று தோழிக்கு நானே சொல்லிவிட்டேன்.

வீட்டில் எல்லாம் அமைதியாக இருந்தது. அதுதான் என் பிரச்சினை.

வாலு உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். கால் ஆடவில்லை. இரவில் எப்படிப் படுக்க வைத்தேனோ காலையில் அப்படியே கிடந்தாள், போர்வையில் ஒரு மடிப்புக் கலையாமல். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பாராட்டினார். வகுப்பிலேயே இவளைப் போல அமைதியான பிள்ளை இல்லையாம். அதிர்ச்சிதான், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர்.

எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? கணவரிடம் சொன்னேன். அவர் பல் மருத்துவர். எக்ஸ்ரேயில் விழாத எதையும் நம்பாதவர்.

"இத்தன நாள் ஆடுறா ஆடுறான்னு அழுத. இப்ப ஆடலன்னு அழறியா?"

ஆனால் ஒரு நாள் அவரும் குழம்பிப் போனார். மகளின் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுகிற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொன்னார். விரலை வைத்து அசைத்தார். மறுபடி அசைத்தார். பல் கல்லுப் போல இறுகியிருந்தது. ஆட ஆரம்பித்த பால் பல் திரும்ப இறுகாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோழி போன் செய்தாள். அவள் குரலில் அப்படியொரு துள்ளல். கண்காட்சி அங்கே பெரிய வெற்றி. இதுவரை அருங்காட்சியகப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் குடும்பத்தோடு வருகிறார்களாம். எல்லாம் உன் புண்ணியம்தான் என்றாள். பிறகு என்னைச் செல்லமாகத் திட்டினாள். மனிதர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அந்த இரண்டு பேரை அனுப்பி வைத்திருக்கிறாயே, ஆச்சரியப்படுத்தப் பார்த்தாயா, என்றாள்.

எந்த இரண்டு பேர்?

"அதான்டி, சுவத்தப் பாத்து நிக்கிறவங்களும் அந்தக் குட்டிப் பொண்ணும். கையப் புடிச்சுக்கிட்டு."

அவளே பேசிக்கொண்டு போனாள். பெரியவள் சிலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குட்டி நிற்கவே மாட்டேன் என்கிறதாம். கால் மாற்றி மாற்றி நிற்கிறதாம். யாராவது உள்ளே வந்தால் ஆசையாகத் திரும்பிப் பார்க்கிறதாம். பார்த்துவிட்டு முகம் வாடிப் போகிறதாம். அந்த ஓர் இடத்தில்தான் ஜனங்கள் உடைந்து அழுகிறார்களாம்.

"போன வாரம் கீழ்ப்பல்லு ஒண்ணு விழுந்துடுச்சு பாவம். அத உள்ளங்கையில வச்சு எல்லார்கிட்டயும் காட்டுச்சு. என்ன நடிப்புடி. எங்க புடிச்ச இந்தக் குழந்தைய?"

வாலுவை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போனைக் காதில் வைத்தபடி கூடத்தைப் பார்த்தேன். நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் உட்கார வைத்த இடம். கை இரண்டும் மடியில்.

அன்றைக்கே ரயில் ஏறினேன்.

மறுநாள் மதியம் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். தோழியைக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே. நல்ல வெளிச்சம். நல்ல கூட்டம். கடைசி அறையில் முப்பது, நாற்பது பேர் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே மூலையில்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

வெள்ளைச் சுவர்.

அவ்வளவுதான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள், மூச்சுக்குள்.

ஓரத்தில் நின்ற காவலரிடம் கேட்டேன். அந்தக் குழந்தை எங்கே?

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உங்க முன்னாடிதான் மேடம். உங்களைத்தான் பாக்குது."

"என்ன பண்றா?"

"சிரிக்குது... அழுவுது. ஒரு கையப் பெரியவங்க விடல. இன்னொரு கைய உங்ககிட்ட நீட்டுது."

மண்டியிட்டேன். இரண்டு கையையும் நீட்டினேன். எங்கே... எவ்வளவு உயரத்தில்... காற்றைத் துழாவினேன். இடது கை விரல் நுனியில் ஏதோ பட்டது. சின்னதாக. சில்லென்று.

காவலர் என் தோளைத் தொட்டார். அவருடைய வேலை அது. மரியாதையாகத்தான் சொன்னார்.

"மேடம், தொடக் கூடாது."